முப்பது மைல் தொலைவுக்குள் பிறந்த பதினொருவர்

வாசகர் கேள்வி–பதில்

ஸ்காட்லாந்துக் கால்பந்தின் பழைய நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஸ்காட்லாந்து ரசிகர்கள் எப்போது பார்த்தாலும் 1960-களையும் 70-களையும் பற்றியே பேசுகிறார்களே, இன்றைய ஆட்டம் சோபிக்கவில்லை என்பதுதானே அதற்குக் காரணம்?

பதில்: அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் அந்த ஏக்கத்தின் ஆழம் புரியாது. 1967 மே 25 அன்று லிஸ்பன் நகரின் தேசிய மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிப் போட்டியில் இண்டர் மிலானை 2–1 என வென்ற செல்டிக் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப் அதுதான். அன்று ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவிலுள்ள செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள். மேலாளர் ஜாக் ஸ்டீனோ லனார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுக் கால்பந்துக்கு வந்தவர். ஒரு பெருநகரமும் அதைச் சுற்றியுள்ள சுரங்க ஊர்களும் தங்கள் தெருப் பிள்ளைகளை மட்டுமே வைத்துக்கொண்டு ஐரோப்பாவை வென்ற கதை அது.

ஏழாவது நிமிடத்தில் இண்டரின் மஸ்ஸோலா பெனால்டியில் கோல் போட்டதும், தற்காப்பில் பெயர்பெற்ற இண்டர் தன் வாசலை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு செல்டிக் அலையலையாகத் தாக்கியது. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளும் சார்த்தி என்ற கோல்கீப்பர் பாய்ந்து தடுத்த பந்துகளும் போக, 63-வது நிமிடத்தில் டாமி ஜெம்மெல் தொலைவிலிருந்து ஓங்கி அடித்த பந்து வலைக்குள் போயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மர்டாக் அடித்த பந்தை ஸ்டீவி சாமர்ஸ் திசை திருப்பிவிட்டு வெற்றிக் கோலைப் போட்டார்.

ரசிகர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அடிக்கடி சொல்வது வேறொரு செய்தி. கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனுக்கு அப்போது வயது 36. அவர் தம்முடைய பொய்ப்பற்களைக் கழற்றி, கோல் வலைக்குள் ஒரு தொப்பியில் போட்டு வைத்திருந்தார். சக வீரர்கள் சிலருடைய பற்களும் அதே தொப்பியில்தான் இருந்தன. கடைசி விசில் ஊதி, கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தவுடன், புகைப்படத்தில் பல்லோடு நிற்க வேண்டுமே என்று அவர்கள் அந்தத் தொப்பியைத் தேடி ஓடினார்கள். இப்படிப்பட்ட மனிதர்களை ரசிகர்கள் தங்களுக்கு மேலே வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்களாகவே பார்த்தார்கள். இன்றைக்கு அவர்கள் இழந்துவிட்டதாக உணர்வது கோப்பைகளைவிட அந்த நெருக்கத்தைத்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: 1967-ல் வெம்பிளியில் இங்கிலாந்தை வென்றதை உலகக் கோப்பையையே வென்றதுபோல் கொண்டாடுகிறார்களே, ஒரே ஒரு ஆட்டத்துக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

பதில்: இங்கிலாந்து 1966-ல் உலகக் கோப்பையை வென்றிருந்தது. தொடர்ந்து 19 ஆட்டங்களில் தோற்காமலும் இருந்தது. அந்த அணியை 1967 ஏப்ரல் 15 அன்று, அதன் சொந்த மைதானத்திலேயே ஸ்காட்லாந்து 3–2 என வீழ்த்தியது. டெனிஸ் லா, பாபி லெனாக்ஸ், முதன்முறையாக நாட்டுக்காக ஆடிய ஜிம் மெக்காலியாக் ஆகிய மூவரும் கோல் போட்டார்கள்.

ஆனாலும் நினைவில் நின்றது ஜிம் பாக்ஸ்டர்தான். ஃபைஃப் பகுதியின் ஹில் ஆஃப் பீத் என்ற சுரங்கக் கிராமத்திலிருந்து வந்தவர் அவர். உலகச் சாம்பியன்கள் எதிரே நிற்க, பந்தைத் தரையில் விடாமல் இடது காலால் மேலே மேலே தட்டி விளையாடியபடியே நிதானமாக நடந்து போனார். டெனிஸ் லாவுக்கு அது பிடிக்கவில்லை. 1961-ல் இதே வெம்பிளியில் 9–3 எனத் தோற்ற அணியில் அவரும் இருந்தார். ஆகவே விளையாட்டுக் காட்டுவதை விட்டுவிட்டு இன்னும் நிறைய கோல் போட வேண்டும் என்று அவர் துடித்தார். கோலா, அழகா என்ற இந்த வழக்கு ஸ்காட்லாந்தில் இன்றுவரை தீரவில்லை. என்னைக் கேட்டால் லாவின் பக்கம் நியாயம் இருக்கிறது; ஆனால் கண்ணுக்குள் நிற்பது பாக்ஸ்டரின் இடது கால்தான். இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டன் கால்விரல் எலும்பு முறிந்த நிலையில் ஆடினார் என்பதையும், அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயமாகும்.

கேள்வி: 1978 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அந்தத் தொடரில் போட்ட ஒரு கோலை மட்டும் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

பதில்: 1974-லும் 1978-லும் இங்கிலாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. பிரிட்டனிலிருந்து போன ஒரே அணி ஸ்காட்லாந்துதான். 1974-ல் ஸயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) 2–0 என வென்று, பிரேசிலுடனும் யூகோஸ்லாவியாவுடனும் சமன் செய்து, ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் மட்டும் வெளியேறியது. அந்த மனக்குறையோடு இருந்த நாட்டிடம், 1978-ல் மேலாளர் ஆலி மெக்லியாட் கோப்பையையே கொண்டுவரலாம் என்ற நம்பிக்கையை ஊட்டினார். அணி அர்ஜென்டினாவுக்குப் புறப்படும் முன்பே கிளாஸ்கோவிலுள்ள தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வழியனுப்பு விழா எடுத்தார்கள்.

போன இடத்தில் பெருவிடம் 3–1 எனத் தோல்வி. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வில்லி ஜான்ஸ்டன் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார். ஈரானுடன் 1–1. அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால், முந்தைய உலகக் கோப்பையின் இறுதிப் போட்டிவரை போன நெதர்லாந்தை மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற நிலையில் மெண்டோஸாவில் ஆடினார்கள். 2–1 என முன்னிலையில் இருந்தபோது, 68-வது நிமிடத்தில், பெனால்டிப் பரப்பின் வலப்புறம் பந்து ஆர்ச்சி ஜெம்மிலின் காலுக்கு வந்தது. அவர் உயரத்தில் சிறியவர். தலையில் முடியும் குறைந்திருந்தது. பாய்ந்து வந்த யான்சனை ஒதுக்கினார், க்ரோலைக் கடந்தார், போர்ட்ஃப்ளீட்டின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டுத் தாமும் பின்னாலேயே ஓடினார், முன்னால் வந்த கோல்கீப்பரின் மேலாகப் பந்தைத் தூக்கி வலைக்குள் அனுப்பினார். 3–1. இன்னும் ஒரே ஒரு கோல். ஒரு நாடு முழுவதும் நடக்காதது நடக்கப் போகிறது என்று நம்பிய அந்த நேரம் சுமார் மூன்று நிமிடம் நீடித்தது. அதற்குள் நெதர்லாந்தின் ஜானி ரெப் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் புகுந்துவிட்டது. ஆட்டம் 3–2 என முடிந்தது. அந்த நெதர்லாந்து அணிதான் மறுபடியும் இறுதிப் போட்டிவரை போயிற்று.

ரசிகர்கள் கொண்டாடுவது அந்த மூன்று நிமிட நம்பிக்கையை. பெருவிடம் தோற்ற வேதனையை அனுபவிக்காத ஒருவருக்கு ஜெம்மிலின் கோல் ஓர் அழகிய கோல் மட்டுமே. அனுபவித்தவர்களுக்கு அந்த வேதனையும் சேர்ந்ததுதான் அந்தக் கோல்.

கேள்வி: செல்டிக், ரேஞ்சர்ஸ் தவிர மற்ற கிளப்புகளின் ரசிகர்களுக்கு நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. அவர்களுடைய ஏக்கம்தான் இன்னும் கூர்மையானது என்றுகூடச் சொல்வேன். 1985-ல் அபர்டீன் வென்ற பிறகு, 2025 வரையிலான நாற்பது ஆண்டுகளில் கிளாஸ்கோவின் இவ்விரு பெரிய கிளப்புகளைத் தவிர வேறு எவரும் லீக் பட்டம் வெல்லவில்லை.

முன்பு அப்படி இல்லை. எடின்பரோவின் ஹிபர்னியன் 1948, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன். அதன் முன்கள ஐவரில் ஒருவரான கார்டன் ஸ்மித் பிற்பாடு ஹார்ட்ஸுடனும் டண்டீயுடனும் பட்டம் வென்றார். இரு பெரிய கிளப்புகளுக்கும் ஆடாமலேயே மூன்று வெவ்வேறு அணிகளோடு சாம்பியன் ஆன பெருமை அவருடையது.

ஆனால் 1983 மே மாதத்துக்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. மே 11 அன்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், கொட்டித் தீர்த்த மழையில், அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன் அணி ரியல் மாட்ரிட்டை எதிர்த்துக் கோப்பை வென்றோர் கோப்பையின் (தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) இறுதிப் போட்டியில் ஆடியது. செயின்ட் கிளேர் என்ற கப்பலில் வட கடலைக் கடந்து போன ரசிகர்களும் அங்கே இருந்தார்கள். எரிக் பிளாக் தொடக்கத்திலேயே கோல் போட்டார். ஹுவானித்தோ பெனால்டியில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 112-வது நிமிடத்தில், இடப்புறமிருந்து மெக்கீ அனுப்பிய பந்தை, மாற்று ஆட்டக்காரராக வந்த ஜான் ஹியூவிட் பாய்ந்து தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, டி ஸ்டெஃபானோதான். 1960-ல் ஹாம்ப்டனில் ஃப்ராங்க்ஃபர்ட்டை 7–3 என வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், 1,27,621 பேர் பார்க்க, மூன்று கோல் போட்ட அதே மனிதர்.

கோதன்பர்க் வெற்றிக்கு மூன்றே நாள் கழித்து, மே 14 அன்று, ஜிம் மெக்லீனின் டண்டீ யுனைடெட் லீக் பட்டத்தை வென்றது. அதுவும் எங்கே? எதிரணியான டண்டீயின் மைதானத்தில். இரு கிளப்புகளின் மைதானங்களும் ஒரே தெருவில் இருப்பவை. அதே யுனைடெட் 1987-ல் பார்சிலோனாவை உள்ளூரிலும் வெளியூரிலும் வென்று, ஐரோப்பிய கிளப்புகளுக்கான மற்றொரு போட்டியான யுஈஎஃப்ஏ கோப்பையின் இறுதிவரை சென்றது. இறுதியில் தோற்றபோதும் எதிரணிக்கு எழுந்து நின்று கைதட்டிய அதன் ரசிகர்களுக்கு ஃபிஃபா நன்னடத்தை விருது கிடைத்தது.

கேள்வி: சிறிய அணிகள் பெரிய அணிகளைக் கவிழ்த்த ஆட்டங்களில் முக்கியமான ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: இரண்டாகச் சொல்கிறேன். 1967 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் பெரிக் ரேஞ்சர்ஸ் 1–0 என கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை வெளியேற்றியது. கோல் போட்டவர் சாமி ரீட். 1971 அக்டோபரில் லீக் கோப்பை இறுதியில் பார்ட்டிக் திஸில் முதல் பாதியிலேயே செல்டிக்குக்கு எதிராக நான்கு கோல் போட்டு, 4–1 என வென்றது.

கேள்வி: பழைய காலத்தை இப்படிப் புகழ்வதில் அதன் கசப்புகள் மறைந்துவிடவில்லையா?

பதில்: மறைந்துவிடும் ஆபத்து உண்டு, மறைக்கவும் கூடாது. 1971 ஜனவரி 2 அன்று, ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும்போது, ஐப்ராக்ஸ் மைதானத்தின் 13-ம் எண் படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 66 பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் ஃபைஃபிலுள்ள மார்கின்ச் என்ற ஒரே ஊரைச் சேர்ந்த சிறுவர்கள். அதே படிக்கட்டில் பத்தாண்டுகளுக்கு முன்பே உயிரிழப்பு நேர்ந்திருந்தது. 1971 விபத்துக்குப் பிறகுதான் விசாரணையும், 1975-ல் மைதானப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. தோளோடு தோள் நின்று ஆட்டம் பார்த்த படிவரிசைகளைப் பற்றிப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மதப் பிளவும் அப்படித்தான். செல்டிக் கத்தோலிக்கர்களின் ஆதரவையும் ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்டுகளின் ஆதரவையும் பெற்ற கிளப்புகள். ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்க வீரர்களைத் தவிர்த்தே வந்தது. 1989-ல் கத்தோலிக்கரான மாரிஸ் ஜான்ஸ்டனைச் சேர்த்தபோது எழுந்த கொந்தளிப்பே அதற்குச் சாட்சி. 1980-ல் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஆடிய ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் ஹாம்ப்டன் மைதானத்துக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். குதிரைப்படைக் காவலர்கள் இறங்கித்தான் அவர்களைப் பிரிக்க முடிந்தது.

கேள்வி: மறைந்துபோன கிளப்புகளுக்கும் ரசிகர்கள் உண்டா?

பதில்: உண்டு. தேர்ட் லனார்க் அதற்கு நல்ல உதாரணம். 1904-ல் லீக் சாம்பியன். 1960–61 பருவத்தில் லீக்கில் நூறு கோல் அடித்த அணி. நிர்வாகச் சீர்கேட்டால் 1967-ல் கலைந்துபோனது. கடைசி ஆட்டம் ஏப்ரல் மாத இறுதியில், டம்பார்ட்டனில். அதாவது வெம்பிளி வெற்றிக்கும் லிஸ்பன் வெற்றிக்கும் இடைப்பட்ட நாட்களில் இந்தக் கிளப் செத்தது. அதன் கேத்கின் பார்க் மைதானம் ஹாம்ப்டனுக்கு அருகே இன்றும் பொதுப் பூங்காவாக இருக்கிறது. படிவரிசைகளும் இரும்புத் தடுப்புகளும் அப்படியே நிற்க, அவற்றைச் சுற்றி மரங்கள் உயர்ந்து வளர்ந்துவிட்டன. பந்து உதைக்க விரும்புகிறவர்கள் அங்கே இப்போதும் போகிறார்கள்.

கேள்வி: மறதி நோய் வந்த முதியவர்களிடம் பழைய கால்பந்து பற்றிப் பேசுவது பலன் தருமா? ஸ்காட்லாந்தில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: ஆம், செய்கிறார்கள். அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் ஹாம்ப்டனிலுள்ள ஸ்காட்லாந்துக் கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பழைய வீரர்கள், மைதானங்கள், ஆட்டங்களின் படங்களை முதியவர்கள் முன் வைத்துப் பேச்சைத் தொடங்குகிறார்கள். அண்மை நினைவுகள் முதலில் கழன்றுபோனாலும் இளமைக்கால நினைவுகள் நெடுநாள் தங்குவது இந்நோயின் இயல்பு. ஆகவே காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல முடியாத ஒருவர், ஐம்பதாண்டுக்கு முந்தைய ஒரு முன்கள வரிசையைத் தடுமாறாமல் சொல்லிவிட முடியும். நோய் குணமாவதில்லை, பேச்சும் தோழமையும் திரும்பக் கிடைக்கின்றன.

இதில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. லிஸ்பனில் கோப்பையை உயர்த்திய கேப்டன் பில்லி மெக்நீலுக்கே இந்நோய் வந்தது. 2019-ல் அவர் காலமானார். அதே ஆண்டு வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைத் தேய்வு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு என்று காட்டியது. மறு ஆண்டே, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் பயிற்சியின்போது பந்தைத் தலையால் முட்டுவதை ஸ்காட்லாந்து தடை செய்தது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் படத்தைக் காட்டுங்கள். கோல் கணக்கையோ ஆண்டையோ கேட்டுப் பரீட்சை வைக்க வேண்டாம். அவர் தவறாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். அன்று யாரோடு ஆட்டம் பார்க்கப் போனார், எங்கே நின்றார், திரும்பி வரும் வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்; அவர் பேசத் தொடங்கியதும் குறுக்கிடாமல் இருங்கள்.