கல்லும் கலயமும்: அமிலம், காரம், ஆக்சைடு பற்றிச் சில கேள்விகள்

பாளையங்கோட்டை, பத்தாம் வகுப்பு மாணவி: சார், ஆக்சைடு என்பது அமிலமா, காரமா? புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது.

ஆக்சிஜனோடு எது சேர்ந்திருக்கிறது என்று பாரும்மா. உலோகம் என்றால் பெரும்பாலும் காரத்தன்மை, அலோகம் என்றால் பெரும்பாலும் அமிலத்தன்மை. நம்ம தாழையூத்துப் பக்கம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லே இரண்டுக்கும் சாட்சி. சுத்தமான கல் 100 கிராமை 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். முதலாவது உலோக ஆக்சைடு. தண்ணீர் பட்டால் கொதித்து நீறி, நீற்றுச் சுண்ணாம்பு என்ற காரமாகும். இரண்டாவது அலோக ஆக்சைடு. தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம், சோடாவில் நாக்கைச் சுள்ளென்று பிடிப்பது அதுதான். சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகவே இறுகிவிடும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

'பெரும்பாலும்' என்பதைத் தேர்வில் விட்டுவிடாதே. அலுமினியம், துத்தநாகம் இவற்றின் ஆக்சைடுகள் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். ஈரியல்பு ஆக்சைடு என்பது அதைத்தான். கார்பன் மோனாக்சைடு நடுநிலை.

அதே மாணவி: அப்படியானால் எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்குமா சார்?

நல்ல கேள்வி. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரே அப்படித்தான் நினைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும்தான், ஆக்சிஜன் கிடையாது. குளோரின் ஒரு தனிமம் என்று ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1810இல் சொன்ன பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்.

திசையன்விளை வாசகர்: அண்ணாச்சி, பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அது என்ன செய்கிறது?

இரண்டு வேலை செய்கிறது தம்பி. பாளையிலிருந்து சொட்டும்போதே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்துவிடும். விட்டால் சர்க்கரை சாராயமாகவும் அமிலமாகவும் மாறிக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் அவற்றால் பெருக முடியாது. அடுத்தது கருப்பட்டி காய்ச்சும்போது தெரியும். புளித்த பதநீரைக் கொதிக்க வைத்தால் அந்த அமிலத்தில் சுக்ரோஸ் என்ற அதன் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். அப்புறம் பாகு அச்சில் சரியாக இறுகாது, கருப்பட்டி பிசுபிசுக்கும். அதற்காக அள்ளித் தடவினால் ருசியும் நிறமும் கெடும்.

தென்காசி வாசகி: ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது?

மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறமி, அதில் கலக்கும் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கும். அதில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், மஞ்சளாகத் திரும்பும்.

அம்பாசமுத்திரம் வாசகி: செம்புக் குடத்துக்குப் புளி போட்டால் பளபளக்கிறதே?

குடத்தின் கறுப்பு, தாமிர ஆக்சைடு. பச்சை, தாமிரக் கார்பனேட் வகை. இரண்டும் காரத்தன்மை உள்ளவை என்பதால் புளியின் டார்டாரிக் அமிலம் கரைத்துவிடுகிறது. தேய்த்ததும் நன்றாக அலசிவிடுங்கள். வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளையில் ரசமோ மோரோ வைக்கவே வேண்டாம். அதே அமில வேலை உள்ளேயும் நடக்கும், கரைந்த தாமிரம் வயிற்றுக்குப் போகும்.

மேலப்பாளையம் வாசகர்: பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் இன்னும் சுத்தமாகுமா?

ஐயா, தயவுசெய்து வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது நுரையீரலையே புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால், ஒன்றை முழுக்கக் கழுவி விட்டபின் மற்றதைத் தொடுங்கள். தெரியாமல் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள், குனிந்து கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அவரே: கையில் ஆசிட் பட்டால் சுண்ணாம்பு தடவினால் சரியாகிவிடுமா?

இல்லை. அமிலமும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும், சுண்ணாம்பே தோலை அரிக்கும். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு பிள்ளைகள் கண்ணில் தெறித்தாலும் முதலில் தண்ணீர்தான். இமையை விரித்துப் பிடித்து விடாமல் கழுவி, ஒட்டியிருக்கும் துணுக்குகளை அகற்றி, வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.