கிழக்கு பாத்த வாசலும் அதுக்கு கீழ இருக்கற போல்டும்

சார் வணக்கம்,

ரெண்டு வருஷ அலைச்சலுக்கு அப்புறம் போன மாசம் கலிஃபோர்னியாவுல ஓக்லண்ட் பக்கத்து ஹேவர்டுல வீட்டு சாவி கைக்கு வந்துடுச்சு. 1954ல கட்டின மூணு பெட்ரூம் வீடு, கிழக்கு பாத்த வாசல். மணிபால் படம் (மத்த டீம் கவனிக்காத ஆளுங்கள கணக்கு போட்டு எடுக்கற ஒரு பேஸ்பால் டீமோட கதை) பாத்துட்டு அதே ஸ்டைல்ல யாரும் கவனிக்காத வீடா தேடி பெரிய எக்ஸெல் போட்டுத்தான் பிடிச்சேன். போட்டி ஜாஸ்தின்னு, வாங்கறதுக்கு முன்னாடி ஆள் வெச்சு வீட்ட சோதிக்கற இன்ஸ்பெக்‌ஷன வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம். பொண்ணு சாஃப்ட்பால் சேந்திருக்கா, அவளோட உக்காந்து ஏ'ஸ் பேஸ்பால் டீம் ஆட்டம் பாக்கறேன், ரொம்ப ஸ்லோவா இருக்கு. பின் ரூம லைப்ரரி ஆக்கப் போறேன், ஆறடி ஷெல்ஃப் நாலு வந்தாச்சு. என்னென்ன புத்தகம் வாங்கலாம்னு ஒரு லிஸ்ட் தர முடியுமா? இப்ப ரீஃபைனான்ஸ் பண்றது சரியா?

அன்புடன்,
ஹேவர்டு வாசகர்

தம்பி,

மொதல்ல வாழ்த்துகள், வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க. ரெண்டு வருஷம் வாராவாரம் ஓப்பன் ஹவுஸ் போய் ஷூ கழட்டி மாட்டி கழட்டி மாட்டி, ஒவ்வொரு ஆஃபரும் ஊத்திக்கும்போது புருஷன் பொண்டாட்டிக்குள்ள வர்ற சண்டையெல்லாம் எனக்கும் தெரியும், அதுல இருந்து வெளிய வந்தீங்களே அதுவே பெருசு.

ரீஃபைனான்ஸ் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. பேஸ்பால் ஸ்லோன்னா, 2023ல பிட்ச் க்ளாக், அதாவது இத்தன செகண்டுக்குள்ள பந்து போட்டாகணும்னு கடிகாரம், வந்தப்புறம் மூணு மணி நேர ஆட்டம் ரெண்டே முக்கா மணிக்குள்ள முடிஞ்சுடுது, அஞ்சு நாள் டெஸ்ட் மேட்ச் பாத்து வளந்த ஊர்க்காரருக்கு இது ஸ்லோவா?

ஆனா அந்த மணிபால் விஷயம், அத விட முடியாது. அந்தப் படத்துல வர்ற 2002 ஓக்லண்ட் டீம், நீங்க பாக்கற அதே ஏ'ஸ்தான், 103 ஆட்டம் ஜெயிச்சுது, நடுவுல தொடர்ச்சியா 20. படத்துல எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கால நடந்த மாதிரி காட்டறாங்க, ஆனா அந்த டீம்ல ஹட்சன், மல்டர், ஜீட்டோன்னு பந்து போடற மூணு பிட்சர் இருந்தாங்க, அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்ட் ஜீட்டோவுக்கு, சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. அதே டீம் டெஹாடாவுக்கு. படம் இவங்கள ஓரமா விட்டுடுச்சு, ஏன்னா இவங்க இருந்தா கதை நிக்காது. சரி அது சினிமா. உங்க கதைக்கு வருவோம். அவங்க கணக்கு பலிச்சதுக்கு காரணம் மத்த டீமெல்லாம் அத பாக்காம இருந்தது. நீங்க ரெட்ஃபின்ங்கற வீடு விக்கற வெப்சைட்டுல பாத்த அதே வீட்ட அதே எக்ஸெல்ல வெச்சுகிட்டு உங்க ஆபீஸ்ல பாதிப் பேரு பாத்துகிட்டு இருந்திருப்பாங்க, இதுல யாரும் கவனிக்காத வீடு எங்கேர்ந்து வரும்? கடைசில ஜெயிச்சது உங்க கணக்கு இல்ல, இன்ஸ்பெக்‌ஷன் வேணாம்னு எழுதிக் குடுத்த கையெழுத்து.

வாசல் கிழக்கு பாக்குதான்னு காம்பஸ் வெச்சு பாத்திருப்பீங்க. வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவ குனிஞ்சு பாத்தீங்களா?

நீங்க ஏ'ஸ் பாக்கறதால ஒண்ணு சொல்றேன். 1989 வேர்ல்ட் சீரிஸ், அதாவது பேஸ்பால் ஃபைனல், ஓக்லண்டுக்கும் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கும் நடந்துச்சு. அக்டோபர் 17 சாயங்காலம் அஞ்சு மணி நாலு நிமிஷம், கேண்டில்ஸ்டிக் மைதானத்துல மூணாவது ஆட்டம் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கு, டிவில பேசிட்டு இருந்தவரு பேச்சு பாதியிலயே கட் ஆயிடுச்சு. நிலநடுக்கம், அளவு 6.9, மொத்தம் 63 பேர் போனாங்க, அதுல 42 பேர் ஓக்லண்ட்ல சைப்ரஸ் ஃப்ரீவேயோட மேல் தளம் கீழ் தளத்து மேல விழுந்ததுல போனவங்க. வழக்கமா அந்த நேரத்துல வண்டிங்க நெருக்கியடிச்சு நிக்கற ரோடு அது. ஆட்டம் பாக்க ஊரே சீக்கிரம் வீட்டுக்கு போயிட்டதால அன்னிக்கு கூட்டம் கம்மி, இல்லன்னா எண்ணிக்கை எங்கயோ போயிருக்கும்னு இன்னும் சொல்றாங்க. எங்க பக்கத்து வீட்டு பெரியவர் வேலைய பாதில விட்டுட்டு மேட்சுக்காக ஓடி வந்தவரு, அன்னிலேர்ந்து பேஸ்பால யாராவது கொற சொன்னா அவருக்கு கோவம் வந்துடும். பத்து நாள் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சு ஓக்லண்ட் நாலுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சுது.

இத ஏன் சொல்றேன்னா, அன்னிக்கு சான்டா க்ரூஸ், வாட்சன்வில் பக்கம் நிறைய பழைய மர வீடுங்க இடியல, அஸ்திவாரத்துல இருந்து வழுக்கி எறங்கிடுச்சு. நம்ம ஊர் மாதிரி செங்கல் சுவரு மண்ணுக்குள்ள போறது கிடையாது இங்க, காங்க்ரீட் மேல ஒரு கட்டய படுக்க வெச்சு அதுமேல மொத்த வீடும் நிக்கும். அந்த கட்டய காங்க்ரீட்டோட பிடிச்சு வெச்சிருக்க போல்ட் இல்லன்னா வீடு அடுப்பு மேல வெச்ச அண்டா மாதிரி சும்மா உக்காந்திருக்கும். 1954 வீட்டுல போல்ட் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும். நான் வாங்கினப்ப இன்ஸ்பெக்டர் க்ளோசெட் தரையில இருந்த பலகய தூக்கிட்டு டார்ச்சோட ஊந்து உள்ள போனாரு, முக்கா மணி நேரம் கழிச்சு முழங்கையெல்லாம் ஒட்டடையோட வந்து கேமராவ காட்டினாரு. மூணு பக்கம் நட்டு தெரியுது, கெராஜ் பக்கம் வெறும் கட்ட. அந்த ஒரு போட்டோதான் அவருக்கு குடுத்த காசுக்கு மதிப்பு. 2014ல நாப்பா நிலநடுக்கத்துல ராத்திரி மூணே கால் வாக்குல லைட்டு ஆடினப்ப எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது அந்த நட்டுங்கதான்.

நீங்க இருக்கறது வேற எங்கயோ இல்ல, ஹேவர்டு. நிலநடுக்கம் வர்ற பூமிப் பிளவு இருக்கே, அந்த ஃபால்ட்டுக்கே உங்க ஊர் பேருதான். 1868ல பெருசா ஆடினது, சராசரியா 150 வருஷத்துக்கு ஒரு தடவன்னு அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறை யு.எஸ்.ஜி.எஸ். சொல்லுது, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அந்த ஃபால்ட் சும்மா இருக்கும்போதும் மெல்ல நகந்துகிட்டேதான் இருக்கு. ரோஸ் ஸ்ட்ரீட்டும் ப்ராஸ்பெக்ட் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனைல ப்ளாட்ஃபாரம் ஓரக்கல்லு நடுவுல பிரிஞ்சு விலகிப் போயிருந்துச்சு, ஜியாலஜி ஆளுங்க வருஷா வருஷம் வந்து போட்டோ எடுப்பாங்க. 2016ல சிட்டி ஆளுங்க வீல்சேர் ரேம்ப் போடறோம்னு அத நேராக்கிட்டாங்க, விஞ்ஞானிங்க தலைல அடிச்சுகிட்டாங்க. கல்ல நேராக்கலாம், கீழ இருக்கறது அது பாட்டுக்கு போகும்.

வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நெனைக்காதீங்க, சாதாரண பாலிசில நிலநடுக்கம் வராது. தனியா எடுக்கணும், அதுலயும் 5லேர்ந்து 25 பர்சென்ட் வரைக்கும் டிடக்டிபிள், அதாவது மொதல்ல நம்ம கையிலேர்ந்து போடற பங்கு. போல்ட் அடிக்க, 1980க்கு முன்னாடி கட்டின வீட்டுக்கு சில ஜிப் கோடுகள்ல அரசு திட்டத்துல 3,000 டாலர் வரைக்கும் குடுக்கறாங்க, எர்த்க்வேக் ப்ரேஸ் ப்ளஸ் போல்ட்னு பேரு, ரிஜிஸ்ட்ரேஷன் எப்ப தெறக்குதுன்னு பாத்துகிட்டே இருங்க. கிச்சன் கவுன்டர்டாப் மாத்தறதுக்கு கொட்டேஷன் வாங்கியிருப்பீங்களே, அத தள்ளிப் போட்டுட்டு இத மொதல்ல பண்ணுங்க. அடியில போல்ட் இருக்கா, அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவுல குட்ட செவுரு இருந்தா அதுல ப்ளைவுட் அடிச்சிருக்கா, வாட்டர் ஹீட்டருக்கு பெல்ட் கட்டியிருக்கா, மூணையும் பாருங்க. நீங்களே ஊந்து போவாதீங்க, ஆள் வெச்சு பாருங்க.

பொண்ணோட பாக்கறத மட்டும் விட்டுடாதீங்க. அந்த டீம் ஓக்லண்ட விட்டு போயிடுச்சு, 2024 செப்டம்பர் 26 கடைசி ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன், பக்கத்துல ஒருத்தர் மைதானத்து மண்ண பேப்பர் கப்புல மூடி எடுத்துட்டு போனாரு. இப்ப லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் ரெடியாகற வரைக்கும் சாக்ரமெண்டோ பக்கத்துல ஒரு சின்ன மைதானத்துல ஆடறாங்க, பேருக்கு முன்னாடி ஊரே கிடையாது, வெறும் அத்லெடிக்ஸ். கூட்டிட்டு போறதா இருந்தா நைட் கேமுக்கு போங்க, அங்க ஜூலை பகல் வெயில் கொழந்தைக்கு தாங்காது.

புத்தக லிஸ்ட்டா? ஆறடி ஷெல்ஃப் நாலு வெச்சிருக்கேங்கறீங்க, அந்த ரூம்ல கொழந்தை உக்காந்து படிக்கும். நாலையும் செவுத்துக்குள்ள நிக்கற மரக்கட்டையில, அதான் ஸ்டட்டுல, ஸ்க்ரூ போட்டு ஸ்ட்ராப் அடிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, வெயிட்டான புத்தகம் கீழ் தட்டுல. போட்டோ வந்தாத்தான் லிஸ்ட்.