வாத்தியாரைக் கேளுங்க: எந்தச் சமன்பாடு, எங்கே மைனஸ்?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மூன்று இயக்கச் சமன்பாடுகளும் தலைகீழாகத் தெரியும். கணக்கைப் பார்த்தால் எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. கிணற்றில் கல் எறிகிற கணக்கில் மைனஸ் வேறு குழப்புகிறது.
– மாணவர், காங்கேயம்

பதில்: ஒவ்வொரு சமன்பாட்டிலும் எது இல்லை என்று பார் கண்ணு. யூ தொடக்கத் திசைவேகம், வி இறுதித் திசைவேகம், ஏ முடுக்கம் (நொடிக்கு நொடி திசைவேகம் மாறும் அளவு), டி நேரம், எஸ் இடப்பெயர்ச்சி. 'வி = யூ + ஏடி'யில் இடப்பெயர்ச்சி கிடையாது. 'எஸ் = யூடி + ½ஏடி²'இல் இறுதித் திசைவேகம் கிடையாது. 'வி² = யூ² + 2ஏஎஸ்'இல் நேரம் கிடையாது. கணக்கில் எதைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லையோ, அது இல்லாத சமன்பாட்டை எடு.

சரி, கிணற்றுக்கு வருவோம். மேட்டில் நின்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கல்லை நேர் மேலே எறிகிறாய். 3 நொடியில் தொபுக்கென்று தண்ணீரில் விழுகிறது. தண்ணீர் எவ்வளவு கீழே? இறுதித் திசைவேகம் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே இரண்டாவது சமன்பாடு. நோட்டு ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, பிளஸ் என்று எழுது. யூ +10. புவியீர்ப்பு கீழே இழுப்பதால் முடுக்கம் ஏறக்குறைய −10. கல் ஏறும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், இறங்கும்போதும் அதே −10தான். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

10×3 − 5×9 = −15. மைனஸைப் பார்த்ததும் ரப்பரை எடுக்காதே. எறிந்த இடத்துக்கு 15 மீட்டர் கீழே என்கிறது அது. ஏறக்குறைய 50 அடி. நம்ம பக்கத்துக் கிணறுகளுக்கு இதெல்லாம் ஓர் ஆழமா! நம்பிக்கை வரவில்லை என்றால் பிரித்துப் போட்டுப் பார்: 1 நொடி ஏறி 5 மீட்டர், அப்புறம் 2 நொடியில் 20 மீட்டர் இறக்கம். 20இல் 5 போக 15. கல் கடந்த தூரம் 25 மீட்டர், அது வேறு சங்கதி.

கேள்வி: வேகம் இரட்டித்தால் வண்டி நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும் என்கிறாள் மகள். ஓட்டுகிற எனக்கு அவ்வளவு தெரியவில்லையே?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: மகள் சொல்வது பிரேக் பிடித்த பிறகான கணக்குங்க. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20. பிரேக் தரும் எதிர்முடுக்கம் 5, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வைத்தால், மேலே சொன்ன மூன்றாவது சமன்பாட்டின்படி நிற்க 10 மீட்டர், 40 மீட்டர். நாலு மடங்குதான். ஆனால் குறுக்கே மாடு வந்ததைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதுவரை வண்டி அதே வேகத்தில் ஓடியிருக்கும். அந்த 10, 20 மீட்டரையும் சேர்த்தால் 20, 60. மூன்று மடங்கு. பரீட்சையிலும் இதை இரண்டு துண்டாகத்தான் போட வேண்டும். முடுக்கம் மாறாத வரைதான் அந்தச் சமன்பாடுகள் செல்லும். மழை பெய்து ரோடு ஈரமாகி அந்த 5 பாதியாகக் குறைந்தால் மொத்தத் தூரம் 30, 100 ஆகிவிடும். கணக்கு மகள் பக்கம் சாயுதுங்க.