ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன், பிளாக்ட் அக்கவுண்ட்டில் பணம் போட்டாகிவிட்டது. அங்கே போய்த் தனியாக வங்கிக் கணக்கு திறக்க வேண்டுமா? எப்படித் திறப்பது?

கட்டாயம் திறக்க வேண்டும். பிளாக்ட் அக்கவுண்ட் போட்டதோடு வங்கி வேலை முடிந்தது என்று நினைத்து விமானம் ஏறுபவர்கள் நிறைய. அது விசாவுக்குக் காட்டுகிற கணக்கு, அவ்வளவுதான். 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். அதையும் ஏடிஎம்மில் போய் எடுத்துவிட முடியாது. உங்கள் பெயரில் ஒரு சாதாரணக் கணக்கு (அங்கே கிரோகோன்டோ என்பார்கள்) திறந்து, அதன் ஐபேன் எண்ணை (ஐரோப்பாவில் கணக்கு எண்ணை எழுதும் முறை அது) கொடுத்தால்தான் பணம் அங்கே வந்து விழும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சிம் கார்டு, பகுதிநேர வேலைச் சம்பளம் எல்லாம் இந்தக் கணக்கு வழியாகத்தான். பிளாக்ட் அக்கவுண்ட் நிறுவனங்கள் சில இந்தக் கணக்கையும் சேர்த்தே தருகின்றன. உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு திறக்கும் விண்ணப்பம் பெரிய விஷயமே இல்லை. எது முதலில், எது பிறகு என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வது. கிளைக்குப் போனால் பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, அதோடு அன்மெல்டுங் தாள் கேட்பார்கள். அன்மெல்டுங் என்பது நகராட்சியில் முகவரியைப் பதிவது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெர்லின் மாதிரி ஊர்களில் அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். வீட்டுக்காரரோ முன்பணம் வந்தால்தான் சாவி தருவேன் என்பார், அதையும் வங்கி வழியாகவே அனுப்பச் சொல்வார். சுற்றிச் சுற்றி வந்தால் மறுபடியும் வங்கி வாசலில் நிற்பீர்கள்.

இதை அறுப்பதற்குச் சுலபமான இடம் முன்பணம்தான். கிளம்பும் முன்பே, ஊரிலிருக்கிற கணக்கிலிருந்து வெளிநாட்டுப் பணமாற்றம் மூலம் அதைக் கட்டிவிடுங்கள். மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டுடியரென்டன்வெர்க் போன்ற அமைப்பாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை. தனியார் வீடு என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஜெர்மன் சட்டப்படி முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ஆனால் வீட்டையே காட்டாமல் ‘நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அது பழைய மோசடி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்மெல்டுங் முடியும்வரை காத்திருக்க முடியாதென்றால் செயலி வழியாகக் கணக்கு தரும் வங்கிகள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கேமரா முன் சாய்த்துச் சாய்த்துக் காட்டி, வீடியோ அழைப்பிலேயே அடையாளம் சரிபார்ப்பார்கள். ஆனால் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் எல்லா வங்கியும் வீடியோவில் ஏற்பதில்லை. விண்ணப்பத்தில் இறங்கும் முன் அந்த வங்கியின் நாடுகள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். வீடியோ ஒத்துவராவிட்டால் போஸ்ட்ஐடென்ட் என்ற வழி இருக்கும்: வங்கி தரும் தாளை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு அஞ்சல் கிளைக்குப் போனால் அங்கிருப்பவர் பார்த்து உறுதி செய்வார். வரி எண் கேட்டால் பதற வேண்டாம். அந்த 11 இலக்க எண், முகவரி பதிந்த பிறகு தபாலில் தானாக வரும். பெரும்பாலான வங்கிகள் அதைப் பிறகு கொடுத்தால் போதும் என்று விட்டுவிடும்.

இப்போது நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல்: பெயர். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர். சிலருக்கு அந்த இடமே காலி. ஜெர்மன் படிவங்கள் குடும்பப் பெயரை வைத்தே உங்களைக் கூப்பிடும். என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவர் தபால்பெட்டியில் தன் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தார். வங்கிக் கடிதமோ அப்பா பெயருக்கு வந்தது. அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே கட்டடத்துக்குள் எத்தனையாவது வீடு என்ற எண்ணெல்லாம் பொதுவாகக் கடிதத்தில் எழுதுவதில்லை. தெரு, கட்டட எண், பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர், இவ்வளவுதான் அடையாளம். கார்டு ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் தனித்தனியாக வரும், இரண்டில் ஒன்று திரும்பினாலும் காரியம் கெட்டது. அதனால் குடியேறிய அன்றே பெட்டியிலும் அழைப்புமணியிலும் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரை ஒட்டிவிடுங்கள். அப்பா பெயரில்லாமல் ஒட்டாதீர்கள்.

அதே எழுத்துக்கூட்டல்தான் பல்கலைக்கழகம், பிளாக்ட் அக்கவுண்ட், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ பயன்படுத்தும் நாடுகளில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயரும் ஐபேனும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் விரித்த பெயர் என்றிருந்தால், சம்பளம் போடுபவருக்குத் திரையில் எச்சரிக்கை வரும், அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

எந்த வங்கி என்று கேட்டால், அது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. ஸ்பார்காஸ, ஃபோல்க்ஸ்பாங்க் போன்றவற்றுக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு, நேரில் போய்ப் பேசலாம். மாணவர் என்று சான்று காட்டினால் மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கிகள் பல, ஆனால் வயது வரம்பு வைத்திருப்பார்கள். முதுகலைக்கு இருபத்தைந்து கடந்து போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். செயலி வங்கிகள் மலிவு, ஆங்கிலத்தில் எல்லாம் கிடைக்கும். ஆனால் கணக்கு முடங்கினால் அரட்டைப் பெட்டியில்தான் கெஞ்ச வேண்டியிருக்கும். என் பரிந்துரை, முதலில் செயலியில் ஒன்று, ஊர் பழகியதும் கிளை உள்ள வங்கியில் ஒன்று. எதுவானாலும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வங்கியாக இருந்தால், வைப்புக் காப்பீட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை பாதுகாப்பு இருக்கிறது. இன்னொரு ஐரோப்பிய நாட்டு ஐபேன் என்று வீட்டுக்காரரோ முதலாளியோ மறுத்தால், ஐரோப்பியச் சட்டப்படி அப்படி மறுக்கக் கூடாது என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

எந்த வங்கியும் சேர்க்கவில்லை என்றால் கடைசி ஆயுதம் பேசிஸ்கோன்டோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு கேட்கும் உரிமையை 2016 ஜூனில் சட்டம் தந்திருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் போகலாம். இலவசம் என்று எதிர்பார்க்க வேண்டாம், மாதக் கட்டணம் இருக்கும்.

கணக்கு கைக்கு வந்ததும் பழக வேண்டிய ஒன்று லாஸ்ட்ஷ்ரிஃப்ட். காப்பீடு, தொலைபேசி, பல விடுதிகளின் வாடகை எல்லாவற்றையும் அவர்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நீங்கள் ஒப்புதல் கையெழுத்திடுவீர்கள். எடுக்கிற நாளில் பணம் இல்லையென்றால் திரும்பியதற்குக் கட்டணம், அதன்மேல் நினைவூட்டல் கட்டணம் என்று வளரும். தவறாக எடுத்துவிட்டால் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். ஒளிபரப்புக் கட்டணம் (பொதுத் தொலைக்காட்சி, வானொலிக்கானது) என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதமும் வரும். மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள், அது உண்மையானது. வீட்டுக்கு ஒன்றுதான், கூட இருப்பவர்களோடு பிரித்துக்கொள்ளலாம்.

உண்மையான மோசடி வேறு மாதிரி வரும். ‘வீட்டிலிருந்தே வேலை, வங்கியின் வீடியோ சரிபார்ப்பு எப்படி இருக்கிறது என்று சோதித்துச் சொன்னால் போதும்’ என்பார்கள். நீங்கள் சோதிப்பதாக நினைக்கும்போதே உங்கள் பெயரில் நிஜக் கணக்கு திறந்துவிடும், அதில் திருட்டுப் பணம் ஓடும், போலீஸ் உங்களைத் தேடி வரும். ‘உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு’ என்பதும் இதே ரகம். தெரிந்தவர் கேட்டாலும் சரி, செய்யாதீர்கள். விசாவுக்கே ஆபத்து.

பிளாக்ட் அக்கவுண்ட்டிலிருந்து முதல் தவணை வருவதற்குள் வாடகை, உணவு, பயணச்சீட்டு என்று செலவு ஓடிவிடும். முதல் மாதத்துக்கான பணத்தைத் தனியாகக் கார்டிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் கொண்டு போங்கள், ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஊர் வங்கியின் ஓடிபி வருகிற சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள். படிப்பு முடிந்து திரும்பும்போது கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். வீட்டு முன்பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், அது வந்து சேர்ந்த பிறகு எழுத்தில் கொடுத்து மூடலாம்.