கடிக்கிற பிள்ளை ரவுடியாகி விடுவானா?

மூன்றரை வயது மகன் ப்ளே ஸ்கூலில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான், ரவுடியாகி விடுவானோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். மாட்டான், அம்மா. மூன்றரை வயதில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தவனெல்லாம் ரவுடியாவான் என்றால் நம் ஊரில் பாதிப் பேர் ஜெயிலில் இருக்க வேண்டும். அடி, கடி, தள்ளு எல்லாம் அதிகமாக இருப்பதே இரண்டு, மூன்று வயதில்தான். கோபத்தை அடக்குகிற மூளைப் பகுதி அப்போது முழுதாக வளர்ந்திருக்காது. பேச்சு வர வரக் குறையும். ப்ளே ஸ்கூலில் உங்கள் மகனை 'புல்லி', அதாவது வேண்டுமென்றே மற்றவர்களை மிரட்டித் துன்புறுத்துகிறவன், என்றார்களாம். பொம்மைக்காக நடக்கிற சண்டைக்கு அவ்வளவு பெரிய பட்டம் வேண்டாம்.

நகம் கடிப்பது, இனிப்புக்கு அழுவது, தூக்கத்தில் பல்லை நறநறப்பது எதற்கும் கவலை வேண்டாம். பூச்சி இருந்தால்தான் பல் கடிப்பான் என்பது கட்டுக்கதை.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கூப்பிட்டா திரும்பறதில்ல, திமிரு. டிவியும் சத்தமாத்தான் வைக்கணும்" என்று? அதுதான் முக்கியம். எப்போதும் சளி, வாயால் மூச்சு, பேச்சும் இன்னும் இரண்டிரண்டு வார்த்தைதான் என்கிறீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மந்தமாக இருக்கும். 'சாக்லேட்னா மட்டும் காது கேக்குது' என்பார்கள். அடுத்த பிள்ளை சொல்வது சரியாகக் கேட்காது, பதில் சொல்லவும் வார்த்தை இல்லை. அப்புறம் கையும் பல்லும்தான் பேசும்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனை செய்யுங்கள். ஊசி கிடையாது, வலிக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கிற இடம்) இலவசம். நீர் இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றும், வற்றாவிட்டால் சிகிச்சை உண்டு. காது சரி என்று வந்தால் குழந்தைகள் நல மருத்துவர் பேச்சுத் தாமதத்துக்கு வேறு காரணம் தேடுவார். மொபைலில் கேள்விகளுக்கு டிக் அடித்து 'ஆட்டிசம்' என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். அதைப் பிள்ளையை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்கும் முதல் படி காதுதான்.

'அமைதியா இருக்கட்டும்' என்று காலையில் சளி சிரப் கொடுக்கிறீர்களாமே? இன்றே நிறுத்துங்கள். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023-லேயே உத்தரவு வந்துவிட்டது. தூங்குவான் என்று கொடுத்தால் சில பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் துள்ளும்.

மாமியார் சொன்னபடி திருப்பிக் கடித்துக் காட்டாதீர்கள். முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் மகன் உயரத்துக்குக் குனிந்து, "கடிக்கக் கூடாது. எனக்குத் தா-ன்னு கேளு." அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். காது பரிசோதனை முடியும்வரை டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து கத்தாமல் தோளைத் தொட்டுக் கூப்பிடட்டும்.