எழுபது கவிதைகள் கையில் இருக்கின்றன, எந்த அமைப்பிடம் போவது?

கேள்வி: வெள்ளகோவிலில் ஒரு நூல்மில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. ஆறு வருடமாகக் கவிதை எழுதி வருகிறேன், எழுபது தேறும். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கட்டினால் புத்தகமும் போட்டு, ஒரு விருதும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா? நம் பக்கத்தில் கவிதைக்கு உதவும் அமைப்புகள் உண்டா? நான்கைந்து தோழிகள் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடலாம் என்றிருக்கிறோம். அதைப் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

விருது என்பது உங்களை வாசித்த ஒருவர் உங்களைத் தேடி வந்து தருவது. உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்கே தருவது விருது ஆகாது. மண்டப வாடகை, சால்வை, கேடயம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதுதான் பதில். என் முதல் தொகுப்புக்கு நானும் இப்படிப் பணம் கட்டியவன். ஐந்நூறு பிரதிகள் என்றார்கள். அதில் முந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வந்து சேர்ந்தன. ஒரு கடையிலும் என் புத்தகம் இல்லை. பணம் போனதைவிட வேறொன்றுதான் எனக்கு வலித்தது: அந்தக் கவிதைகளை அச்சுக்கு முன்னால் ஒருவர்கூட உட்கார்ந்து வாசித்திருக்கவில்லை. பத்துக் கவிதைகளையாவது எடுத்துவிடச் சொல்ல ஓர் ஆள் அன்றைக்கு எனக்கு இல்லை.

அதனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது பதிப்பாளரை அல்ல. உங்கள் கவிதையைக் கேட்டுவிட்டு, மூன்றாவது வரி எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்கும் நான்கு பேரை. அப்படிப்பட்டவர்களுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. கோவையில் 'கோவை இலக்கியச் சந்திப்பு' இருக்கிறது, 'சொல்முகம்' வாசகர் குழுமம் இருக்கிறது. பொள்ளாச்சியில் பொள்ளாச்சி இலக்கிய வட்டம். தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் 1961இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் முயற்சியால் தோன்றியது, அதுவும் கோவையில். 1975இல் மதுரையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம்தான் இன்றைய த.மு.எ.க.ச. (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்). இந்த இரண்டுக்கும் சிற்றூர்கள் வரை கிளைகள் உண்டு. அவற்றுக்கென்று இடதுசாரி அரசியல் பார்வை இருக்கிறது, அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லாவிட்டாலும் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். கவிதையைச் சத்தமாக வாசிக்கவும், அடுத்தவர் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்கவும் நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவை இந்தக் கிளைக் கூட்டங்கள்தான்.

போகும்போது முதல் இரண்டு கூட்டங்களில் கேட்க மட்டும் செய்யுங்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒரே ஒரு கவிதை, அதற்குப் பத்து நகல். எழுபதையும் கோப்பில் கட்டிக்கொண்டு போய் ஒரு மூத்த கவிஞர் கையில் திணித்தால் அவர் வாசிக்க மாட்டார். மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒரு கவிதையை என்றால் அங்கேயே வாசிப்பார், அங்கேயே கருத்தும் சொல்வார்.

தூரம் ஒரு சிக்கல் என்பது எனக்குத் தெரியும். வெள்ளகோவிலிலிருந்து கோவைக்குப் போய் மாலைக் கூட்டத்தில் உட்கார்ந்தால் திரும்பி வரும் பஸ்ஸை நினைத்தே பாதிக் கூட்டம் போய்விடும். ஞாயிறு காலையில் நடக்கும் கூட்டங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் ஒரு தோழியையும் கூட்டிப் போங்கள். இரண்டு பேர் போனால் திரும்பி வருகிற வழியெல்லாம் கூட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வரலாம். பல நாள் எனக்குக் கூட்டத்தைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

வருடத்தில் இரண்டு நாட்களை மட்டும் எப்பாடுபட்டாவது ஒதுக்கிவிடுங்கள். டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்ட விழாவைச் சொல்கிறேன். வாசகர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. மூத்த படைப்பாளிகளுக்கு 2010 முதல் விருது தருகிறார்கள். தேவதேவன், ஞானக்கூத்தன், தேவதச்சன், அபி, விக்ரமாதித்யன் எனக் கவிஞர்கள் பலர் அந்த மேடையில் கௌரவிக்கப்பட்டிருக்கிறார்கள். இளம் கவிஞர்களுக்காக, மறைந்த கவிஞர் குமரகுருபரன் பெயரில் 2017 முதல் தனியாக ஒரு விருதும் உண்டு. முதலில் அதைப் பெற்ற சபரிநாதனுக்கு 2019இல் சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதும் கிடைத்தது. இவற்றுக்கு விண்ணப்பம் என்று எதுவும் கிடையாது, அவர்களாகவே வாசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உங்களை நான் போகச் சொல்வது விருதுக்காக அல்ல. அங்கே ஓர் எழுத்தாளரை நடுவில் உட்காரவைத்து, வாசகர்கள் அவருடைய எழுத்தைப் பற்றியே மணிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள். பொன்னாடையும் வரவேற்புரையும் நீளும் கூட்டங்களையே பார்த்தவர்களுக்கு அது பெரிய திறப்பு. ஒரு கவிதையை எப்படி அணுகுவது, எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்பதை இரண்டே நாளில் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அடுத்தது இதழ்கள். புத்தகம் போடுவதற்கு முன் பதினைந்து கவிதைகளாவது இதழ்களில் வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. திருப்பூரிலிருந்து சுப்ரபாரதிமணியன் நடத்தும் 'கனவு' நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. காலச்சுவடு, உயிர்மை போன்ற அச்சிதழ்களும், கனலி, அகழ், வனம், நீலி போன்ற இணைய இதழ்களும் இருக்கின்றன. நீலி பெண் எழுத்தை முன்னிறுத்தும் இதழ். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் மூன்று இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் சோர்ந்துவிடவும் வேண்டாம், இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

அரசு உதவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வளர்ச்சித் துறை, குறைந்த வருமானமுள்ள எழுத்தாளர்கள் நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. வந்த நூல்களுக்குப் பரிசும் உண்டு. அதில் மரபுக்கவிதை, புதுக்கவிதை இரண்டும் தனித்தனி வகைகள். பரிசுத் தொகை நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் போகும். ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையில் தனித்திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு, கடைசித் தேதி, தொகை மூன்றும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பியுங்கள். சாகித்ய அகாதெமியின் நவோதயா திட்டம் இளம் எழுத்தாளர்களின் முதல் நூலை வெளியிடுவதற்கென்றே உள்ளது. யுவ புரஸ்காருக்கு வயது வரம்பு 35, தொகை 50,000 ரூபாய். உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதற்காக அவசரப்பட்டு அரைகுறையாக ஒரு தொகுப்பைக் கொண்டுவர வேண்டியதில்லை. இன்னொன்று, கோவை கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் ரங்கம்மாள் பரிசுக்குப் பலர் கவிதை நூலை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அது நாவலுக்கான பரிசு.

பதிப்பாளர் ஒருவர் முன்வந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பிரதி, எங்கெல்லாம் விற்பனைக்கு வைப்பார், உரிமை யாருக்கு. ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணுக்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் அதை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. உரிமை விஷயத்தில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் அதை ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி உங்கள் தோழிகள் கூட்டம். கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐந்தாறு பேர் கூடிக் கவிதை வாசிக்க எந்தப் பதிவும் வேண்டாம். அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, நன்கொடை, பரிசு என்று வளரும்போது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சு வந்த அன்றே கவிதை பின்னால் போய்விடும். அப்படிக் கலைந்துபோன நல்ல வட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடத்துக்கு உங்கள் ஊர்க் கிளை நூலகரைப் போய்ப் பாருங்கள். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு முன்பிருந்தே இருக்கிறது, பல ஊர்களில் பெயரளவுக்கு. அதை நீங்கள் எடுத்து நடத்தலாம். சிற்றூர் வாசகசாலைதானே என்று தயங்க வேண்டாம். 1921 ஜூலை 31 அன்று பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையத்துக்கு வந்து பேசினாரே, அவரை அழைத்ததும் அங்கிருந்த ஒரு வாசகசாலைதான். அடுத்த ஆறு வாரத்தில் பாரதி மறைந்துவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்கும் வாய்ப்பை ஈரோட்டுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் அரசோ செல்வந்தர்களோ இல்லை, ஒரு வாசகசாலையை நடத்திக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1971இல், கோவைக் கவிஞர்கள் சிலர் சேர்ந்து 'வானம்பாடி'யைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் விலை வைக்கவில்லை, 'விலையிலாக் கவிமடல்' என்றே அச்சிட்டார்கள். சிற்பி, புவியரசு, ஞானி என்று பின்னாளில் தமிழகமே அறிந்த பெயர்கள் அதில் இருந்தன.

பணம் சேர்ப்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். 1953இல் ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டும் நண்பர்களும் லண்டனில் 'பொயட்ரி புக் சொசைட்டி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு புதிய கவிதை நூலைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். அதையே சிறிய அளவில் நீங்கள் செய்யலாம். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு தொகுப்பு, எல்லோருக்கும் ஒரே நூல். ஆகஸ்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஈரோட்டில் 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தே வாங்குங்கள். மற்ற மாதங்களில் கோவை விஜயா பதிப்பகத்திலோ, இணையத்தில் உடுமலை டாட் காமிலோ வாங்கலாம். ஒரு புதிய கவிஞரின் நூல் ஒரே ஊரில் ஆறு பிரதி போகிறது என்றால் அது அந்தக் கவிஞருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்கள் நூல் வந்த பிறகு தெரியும்.

கூட்டத்தை நடத்தும் முறையில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று பேசப்போகும் கவிதைகளை நான்கு நாள் முன்பே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் ஒவ்வொரு கவிதையையும் இரண்டு தடவை வாசியுங்கள், ஒரு தடவை எழுதியவர், இன்னொரு தடவை வேறொருவர். எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு விவசாயி ஏற்படுத்திய பழக்கம் இது. எந்தக் கவிதை முடிந்தாலும் "ஏனுங்க, இன்னொருக்காப் படிங்க" என்பார். அடுத்தவர் குரலில் தன் வரிகளைக் கேட்கும்போதுதான் எங்கே இடறுகிறது என்று எழுதியவருக்கே புரிந்தது. உங்கள் எழுபதையும் அப்படி ஒரு சுற்றுக் கேட்டு முடிக்க ஒன்றரை வருடம் ஆகலாம். ஆகட்டும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நாற்பதையோ நாற்பத்தைந்தையோ எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போங்கள்.