ஜன்னலோரக் கட்டில்

அன்புள்ள அக்கா,

உங்கள் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டி எங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். பிபி பார்ப்பேன், சார்ட்டில் எழுதுவேன், வந்துவிடுவேன். ஒரு நைட் டூட்டியில் என் கையைப் பிடித்து, "நான் செத்துப்போயிடுவேனா கண்ணு?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் பேசக் கூடாது பாட்டி, தூங்குங்க" என்று கையை விடுவித்துக்கொண்டேன். மறுநாள் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. என் மனசு மரத்துப்போச்சா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

மரத்துப்போன மனசுக்கு அந்த விரிப்பு ஞாபகம் இருக்காது.

உங்களுக்குப் பயம். ஊசி போடச் சொல்லிக்கொடுத்த அக்கறையோடு, சாகப்போகிறவர் கையைப் பிடித்தால் என்ன செய்வதென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்காவில் ஃப்ராமெல்ட் என்ற செவிலியர், இறக்கும் நோயாளிகளைக் கவனிப்பது பற்றிச் செவிலியர்களின் மனநிலையை அறிய 30 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். 1991இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இதற்கென்று பாடம் படித்தால் அந்த மனநிலை மாறுகிறது என்று காட்டியது. பிறவிக் குணம் என்றால் மாறியிருக்காதே.

எனக்குக் கோபமெல்லாம் அந்த "ஒன்றுமில்லை" மீதுதான். குணப்படுத்த வழியில்லை என்று டாக்டர் சொல்லலாம். உங்கள் வேலை அங்கேதான் கூடுகிறது.

அப்பாவின் கடைசி ராத்திரி அவர் தொண்டையில் களகளவென்று சத்தம். மூச்சு முட்டுகிறது, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் போடுங்கள் என்று நான் கத்தினேன். வந்த சிஸ்டர் அவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணையை உயர்த்தினார். "விழுங்க முடியாம எச்சில் தங்கியிருக்கும்மா. கேக்குற நமக்குத்தான் கஷ்டம், அவருக்கு அவ்வளவு தெரியாது" என்றார். பிறகு பஞ்சை நனைத்துப் பிழிந்து அப்பாவின் உதட்டையும் நாக்கையும் துடைத்தார். வெடித்த உதட்டில் வாசலின் தடவினார். அடுத்த பஞ்சை அம்மா கையில் கொடுத்தார். இரண்டு நாளாகச் சுவரோடு சாய்ந்து நின்ற அம்மா, விடியும்வரை அந்த உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும் அந்த சிஸ்டர் எங்களோடு இருந்தது. அதற்குள் அவ்வளவும் செய்துவிட்டார்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற, இறக்கும் நோயாளிகளுக்கான காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகுவலியால் அந்த வேலையை விட நேர்ந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்து கத்தும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்கு வைத்து மருந்து கொடுக்கும் முறையை, தான் தொண்டு செய்த இன்னொரு இல்லத்தின் செவிலியர்களிடம்தான் அவர் முதலில் பார்த்தார். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் பிற்பாடு கேரளமெங்கும் வீடுவீடாகப் போனதிலும் செவிலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏன் பாட்டி, என்ன தோணுது?" என்று கேட்டிருந்தால் போதும். யாரையாவது பார்க்க ஆசைப்பட்டிருப்பார். இல்லை, வலிக்குப் பயந்திருப்பார். வலி என்றால் டாக்டரை எழுப்பி மார்ஃபின் கேட்கலாம். சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்கும் மருந்து இல்லை. ராத்திரியில் முழு வார்டும் ஒருத்தி தலையில் விழும்போது உட்கார நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம். கூடுதல் ஆள் போடாத நிர்வாகத்தின் பாவத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போகும் வலிநிவாரணச் செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் இருப்பவரைத் தேடிப் பிடித்து, அனுமதி கேட்டு, ஒரு லீவு நாளில் கூடப் போய்வாருங்கள். புண்ணை எப்படிக் கழுவுகிறார், எப்படிப் பேசுகிறார், எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள்.

பாட்டிக்கு எந்த ஊர், பிள்ளைகள் வந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா